தடைக்காலத்தில் டிஸ்க் பார்க்கிற வேலை

மண்டபம்

மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். டீசல், ஐஸ், நண்டு எடை, படகுக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் ஒரே பழைய கம்ப்யூட்டரில். யுபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதம். கரண்ட் போனால் மெஷினும் போகும். திரும்பப் போட்டதும், டிஸ்க்கைச் சோதிக்கப் போகிறேன், வேண்டாமென்றால் ஏதாவது கீயை அழுத்து என்று திரையில் வரும். வாசலில் லோடு வண்டி நிற்கும்போது யாருக்குப் பொறுமை? தினமும் அழுத்தித் தள்ளினேன்.

ஒரு நாள் நண்டுக் கணக்கைத் திறந்தால் ஃபைல் கெட்டுப்போச்சு என்றது. முதலாளி அண்ணன் பின்னாலேயே நிற்கிறார். "என்னப்பா, கணக்கும் கடலுக்குப் போயிருச்சா?"

அன்றுதான் சோதனையை ஓடவிட்டேன். டிஸ்க்கைச் சோதிக்கிற விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கோடு, பிழையைத் திருத்தச் சொல்லும் எஃப் என்ற எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால் சி டிரைவை உடனே தொடாது. விண்டோஸ் அதன் மேல்தான் ஓடுகிறது, அதனால் ரீஸ்டார்ட்டில் பார்க்கட்டுமா என்று கேட்கும். முடிந்தபின் பார்த்தால் ஃபவுண்ட்.000 என்று மறைந்து கிடக்கும் ஒரு ஃபோல்டர். உள்ளே பெயர் தொலைத்த துண்டுகள், எல்லாம் சிஎச்கே என்ற வாலோடு. ஒவ்வொன்றுக்கும் எக்செல் வாலை மாட்டிப் பார்த்ததில் ஒன்று திறந்தது. பிப்ரவரி வரை கணக்கு இருந்தது. மார்ச்சை எடைச்சீட்டு பார்த்துத் திரும்ப அடித்தேன். சீட்டெல்லாம் நண்டு வாடை.

இப்போதெல்லாம் ஏப்ரல் 15 அன்று தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நின்றதும் டிஸ்க்கையும் பார்த்துவிடுகிறேன். 61 நாள் இருக்கிறதே.

ராமேஸ்வரம்

தம்பி, எஃப்போடு நிறுத்தினீர்கள், பிழைத்தீர்கள். நான் ஆர் போட்டேன். ஸ்டுடியோ மெஷினில் டிஸ்க் இரண்டு நாளாக டிக் டிக் என்றது. ஃபைல் கோளாறு என்று நினைத்து ராத்திரி ஓடவிட்டுப் போய்விட்டேன். ஆர் என்றால் டிஸ்க்கை ஒவ்வொரு செக்டாராக, அதாவது சின்னச் சின்னக் கட்டமாக, முழுதும் படித்துப் பார்க்கும். சாகக்கிடந்ததை மாடிப்படி ஏறச் சொன்ன மாதிரி. காலையில், விண்டோஸுக்கும் முன்னால் எழும் பயாஸிலேயே டிஸ்க்கைக் காணோம். ஒரு காதுகுத்து வீட்டுப் படங்கள் மொத்தமும் போச்சு. தாய்மாமன் மடியில் பிள்ளை அழுகிற படம் மட்டும் மிச்சம், சாம்பிளுக்கு பிரிண்ட் போட்டிருந்ததால். சத்தம் வந்தால் முதலில் காப்பி, அப்புறம்தான் சோதனை.

கீழக்கரை

எல்லாப் பழியையும் டிஸ்க் மேல் போடாதீர்கள். சர்வீஸ் பார்க்கிறவன் சொல்கிறேன். ஒரு மளிகைக் கடைக் காக்காவின் (எங்கள் ஊரில் அண்ணனைச் சொல்வது) மெஷினில் வாரம் ஒருமுறை ஃபைல் பிழை. திருத்துவேன், திரும்ப வரும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்தால், கெட்ட, சந்தேகமான செக்டார்களை எண்ணும் 5, 197 என்ற வரிசைகள் இரண்டும் பூஜ்யம். செக்டார்களில் வம்பில்லை. 199-ஆம் வரிசை மட்டும் ஏறிக்கொண்டே போனது. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவழியில் தரவு சிதைந்தால் ஏறுகிற எண் அது. சாட்டா கேபிளைக் கழற்றினேன், முனையில் பச்சைக் களிம்பு. மெஷின் இருந்தது கடலைப் பார்த்த ஜன்னலடியில். டிஸ்க் முனையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துப் புதுக் கேபிள் போட்டேன். அந்த எண் இறங்காது, ஆனால் அன்றோடு நின்றது.

மண்டபம்

படித்ததும் மூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூ எல்லாம் துரு. கேபிளை இன்னும் தொடவில்லை; ராமேஸ்வரத்து அண்ணன் சொன்னபடி முதலில் காப்பி ஓடுகிறது, 40 நிமிடம் ஆகுமாம். யுபிஎஸ் பேட்டரியை இன்னும் மாற்றவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.