பட்டை வரைபடம்: எண் சரி, படம் தப்பா?

கேள்வி:
செய்தியில் இரண்டு பட்டைகள்: 52%, 56%. இரண்டாவது மூன்று மடங்கு உயரமாகத் தெரிகிறது. செங்குத்து அச்சில் (உயரத்தை அளக்கும் கோட்டில்) எண்ணே இல்லை. எங்கே தப்பு?

பதில் 1:
ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 2 செ.மீ., 6 செ.மீ. என்று வந்தால், 4 செ.மீ. வித்தியாசம் 4 சதவீதப் புள்ளிகளுக்குச் சமம், 1 செ.மீ.க்கு 1 புள்ளி. 52-இலிருந்து 2-ஐக் கழித்தால் 50. அச்சு அங்கேதான் தொடங்குகிறது. பட்டையில் நீளமே அளவு என்பதால் 0-இல் தொடங்கியே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பதில் 2:
கோட்டு வரைபடத்துக்கு அந்தக் கட்டாயமில்லை, அங்கே ஏற்ற இறக்கத்தைத்தான் படிக்கிறோம். உடல் வெப்பநிலையை 0-இலிருந்து வரைந்தால் 39 டிகிரி காய்ச்சலும் தட்டையாகத்தான் தெரியும்.

பதில் 3:
மதிப்பைப் பரப்பால் காட்டும் வட்டங்களிலும் இதே வம்புதான். மதிப்பு இரட்டிப்பானால் விட்டத்தை 1.41 மடங்காக்கினால் போதும். விட்டத்தையே இரட்டித்தால் பரப்பு 4 மடங்காகிவிடும்.