டபரா மட்டும் அதே அளவு

(நம்ம வீட்டு வாட்ஸ்அப் குழு, கும்பகோணம்)

சித்தி: மகாமகக் குளத்துப் பக்கம் போயிருந்தேன். டிகிரி காபி 30 ரூபாய்! போன மாதம் 25. டபரா மட்டும் அதே அளவு. கேட்டால், "சம்பளம் ஏறிப்போச்சும்மா" என்கிறார் கல்லாவில் இருந்தவர்.

மெஸ் மாமா: நானும் சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் ஏற்றிவிட்டேன் அக்கா.

சித்தி: பத்தும் சம்பளத்துக்கா போகிறது?

மெஸ் மாமா: உங்களிடம் மறைப்பானேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள், ஆளுக்கு நாளைக்கு 50 ஏற்றினேன். 300 ஆச்சு. 150 சாப்பாடு போகிறது. சாப்பாட்டுக்கு 2 ரூபாய்தான் வரும்.

டல்லாஸ் அண்ணன்: மீதி 8?

மெஸ் மாமா: சிலிண்டர், எண்ணெய், இலைக்கட்டு. முகூர்த்த நாளில் இலை வாங்கிப் பார். ஆனால் சம்பளம் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

பெரியப்பா: நான் தொழிலாளர் துறையில் இருந்தபோது 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருந்தது. ஓட்டல் வேலையும் அதன் பட்டியலில் இருந்தது. பஞ்சப்படி விலைவாசிக் குறியீட்டெண்படி ஏப்ரல் 1க்கு ஏறும். மாப்பிள்ளை, உன் 50 அதற்காகவா?

மெஸ் மாமா: அட போங்க அத்தான். பரோட்டா மாஸ்டர் திருப்பூர் போகிறேன் என்று பையைக் கட்டிவிட்டார், அதற்காக. அவருக்கு மட்டும் ஏற்றினால் மற்றவர்கள் முகம் கொடுப்பார்களா?

டல்லாஸ் அண்ணன்: இங்கே டெக்சாஸில் டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991இலிருந்து அதே தொகை. டிப்ஸோடு சேர்த்துக் குறைந்தபட்சக் கூலியான 7.25 வராவிட்டால்தான் மீதியை அவர் போட வேண்டும்.

சித்தி: நாம் சாப்பிட்டுவிட்டு நாமே சம்பளமும் போடணுமா? நல்லா இருக்கே!

டல்லாஸ் அண்ணன்: கலிபோர்னியாவில் டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது சித்தி. பெரிய துரித உணவுக் கடைகளில் 2024 ஏப்ரலிலிருந்து மணிக்குக் குறைந்தது 20 டாலர். விலையும் ஏறியது. ஆனால் அங்கே ஒரு காபிக் கடையில் திரையைத் திருப்பி டிப்ஸ் 18, 20, 25 சதவீதம் என்று காட்டுகிறார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, எதையாவது தொட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

பெரியப்பா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

மெஸ் மாமா: அக்கா, 30 ரூபாய் காபிக்கு நீங்கள் எவ்வளவு டிப்ஸ் வைத்தீர்கள்?

சித்தி: ஜிபேயில்தானே கொடுத்தேன், சில்லறை ஏது?

மெஸ் மாமா: அதுதான் சங்கதி. முன்பெல்லாம் சோம்புத் தட்டில் ஐந்தோ பத்தோ கிடக்கும். ராத்திரி கடை மூடியதும் டப்பாவைக் கவிழ்த்துப் பரிமாறுகிறவர், மேசை துடைக்கிற பையன், இலை எடுக்கிற அம்மா எல்லாரும் பங்கு போடுவார்கள். க்யூஆர் அட்டை ஒட்டிய பிறகு டப்பாவில் ரெண்டு நாணயமும் சோம்பும்தான். நான் ஏற்றிய 50இல் பாதி அந்தப் பள்ளத்தை அடைக்கவே சரியாகப் போகிறது.

சித்தி: எனக்கு இது தோன்றவே இல்லையடா.

சித்தி: நாளை மதியம் வருகிறேன். கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருக்கிறது, பத்தாக மாற்றி வை. பில்லை ஜிபே பண்ணிவிடுகிறேன்.

மெஸ் மாமா: உங்களிடம் பில் வாங்கினால் அம்மா என்னைக் கொன்றுவிடுவாள். பன்னிரண்டரைக்குள் வாங்க, அப்புறம் வத்தக்குழம்பு இருக்காது.