பழைய லேசர் பாய்ப்படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, எங்கே என்று தெரியவில்லை. உதவி தேவை

தேரிக்காட்டான்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எனக்குத் திசையன்விளைப் பக்கம். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பெண் நேத்ரா குமணன் லேசர் ரேடியல் ஓட்டியதைப் பார்த்த நாளிலிருந்து பிடித்த கிறுக்கு. போன பங்குனியில் சென்னையில் ஒரு வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரம் எட்டு வருஷமாகக் குப்புறக் கிடந்த லேசர் ஒன்றை 28 ஆயிரத்துக்கு வாங்கினேன். கோயம்பேட்டுக்கு வாழைத்தார் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய லாரியில் வைக்கோல் பரப்பி ஏற்றி வந்தோம். பாய் பழசு, சுக்கான் சுமார், பாய்மரம் பரவாயில்லை. "ஒரு சொட்டு ஏறாது தம்பி" என்றார் விற்றவர்.

வைகாசிக் கடைசியில் உவரியில் இறக்கினேன். அரை மணி நேரம்தான் ஓடியிருக்கும். படகு செவிட்டு மாடு மாதிரி சொன்ன பக்கம் திரும்பவில்லை. கரைக்கு இழுத்துப் பின்னால் இருக்கும் தக்கையைக் கழற்றினால் ஒன்றரைக் குடம் தண்ணீர் கொட்டுகிறது.

வெளியே ஒரு கீறலும் தெரியவில்லை. என் மாமா தூத்துக்குடித் தோணியில் வேலை பார்த்தவர். "இரண்டு நாள் தண்ணீரில் போட்டு வை, ஊறினால் இடைவெளி தானாக அடைந்துவிடும்" என்கிறார். ஊறப்போடலாமா? இல்லை, மேலே ஒரு கோட்டு ஃபைபர் அடித்துவிடலாமா?

கூத்தங்குழி ஃபைபர்:
தம்பி, இரண்டும் வேண்டாம். முதலில் எடை போட்டுப் பாருங்கள். பாய்மரம், பாய், சுக்கான், நடுவில் செருகும் பலகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உடம்பை மட்டும். லேசர் உடம்பு 59 கிலோ இருக்க வேண்டும். எடை தெரியாமல் பேசுவது நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பது.

தேரிக்காட்டான்:
கருப்பட்டிக் கடைத் தராசில் வைத்தேன். கூடியிருந்தவர்கள் இது என்ன மீன் என்று கேட்டார்கள். 76 கிலோ! தண்ணீரை வடித்துவிட்டு மறுநாள் போட்ட எடை இது.

கூத்தங்குழி ஃபைபர்:
வடித்த பிறகும் 17 கிலோ கூடுதல் என்றால் அதில் பெரும்பாலும் தண்ணீர்தான். பழைய ஆள் எங்காவது அள்ளி அப்பிய ரெசினும் கொஞ்சம் இருக்கும். இந்தப் படகின் மேல்தளம் ஒற்றைத் தகடு இல்லை. மேலே ஒரு ஃபைபர், கீழே ஒரு ஃபைபர், நடுவில் நுரை. நுரை குடித்ததைத் தக்கையைக் கழற்றி வடிக்க முடியாது. ஐந்து ரூபாய் நாணயத்தால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டிங்'கென்று கேட்கும். ஊறின இடம் தலையணையைத் தட்டின மாதிரி. அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள்.

இந்த நிலையில் மேலே ஃபைபர் அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு நீங்களே மூடி போட்டுக் கொடுத்த மாதிரி.

பழைய தோணி:
மாமா சொன்னது பொய்யில்லை தம்பி. ஆனால் அது பலகைக்குச் சொன்னது. தோணியைக் கரையில் ஏற்றிப் போட்டால் பலகை சுருங்கும், இடுக்கு விடும். பஞ்சு அடித்துக் குங்கிலியம் பூசி இறக்கினால் பலகை ஊறிப் பருத்து மிச்ச இடுக்கைத் தானே இறுக்கிக்கொள்ளும். முதல் இரண்டு நாள் தண்ணீர் இறைத்துக்கொண்டேதான் கிடப்போம். ஃபைபர் பருக்காது. எவ்வளவு ஊறினாலும் ஓட்டை ஓட்டைதான்.

மாமாவிடம் இதையும் கேளுங்கள். கட்டுமரக்காரன் கரைக்கு வந்ததும் என்ன செய்வான்? கயிற்றை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போடுவான். தண்ணீர் குடித்த மரம் கனக்கும், மிதப்பு குறையும். உங்கள் படகுக்குக் கட்டுமர வைத்தியம்தான், தோணி வைத்தியம் இல்லை.

தேரிக்காட்டான்:
மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஆள் யாரு, எந்தத் தோணி?" என்று கேட்டார். அதோடு சரி.

நாணயம் தட்டினேன். பாய்மரம் நடும் குழிக்கு முன்னால் இரண்டு சாண் அகலத்துக்குத் தலையணைச் சத்தம்.

சென்னைப் பாய்:
குழிக்கு முன்னால் என்றால் எனக்குக் குழி மேலேயே சந்தேகம். லேசருக்கு மரத்தைப் பிடித்து நிறுத்தப் பக்கக் கம்பி எதுவும் கிடையாது. 7 சதுர மீட்டர் பாயின் இழுப்பு முழுவதும் அந்த ஒரு குழியில்தான் இறங்குகிறது. குழியில் மணல் விழுந்தால் மரம் திரும்பத் திரும்ப அது உப்புத்தாள் போல அடியைத் தேய்த்துவிடும். உங்கள் ஊர் மணலைச் சொல்லவே வேண்டாம்.

சோதனை சுலபம். குழி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பென்சிலால் மட்டம் குறித்து ஒரு மணி நேரம் விடுங்கள். இறங்கினால் அங்கேதான் கசிவு. இது தெரியாமல் கடலுக்குப் போகாதீர்கள். குழி பலவீனமாக இருந்தால் நல்ல காற்றில் மரம் தளத்தையே பிய்த்துக்கொண்டு சாயும். எங்கள் பக்கம் ஒரு படகுக்கு அப்படி ஆகி நான் பார்த்திருக்கிறேன். கரைக்குக் கொண்டு வரவே பெரும் பாடாகிவிட்டது.

தேரிக்காட்டான்:
ஊற்றினேன். ஒரு மணி நேரம் இல்லை, ராத்திரி முழுக்க விட்டேன். குறித்த கோட்டில் அப்படியே நிற்கிறது. குழி நல்ல குழிதான் போல. அப்போ வேறு எங்கே?

வண்ணார்பேட்டை:
நாலு இடம் பாருங்கள். பின்னால் தக்கை மாட்டும் பித்தளைச் சுற்று, சுக்கான் கொண்டியின் திருகாணி, உட்காரும் குழியிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய், தளமும் அடிப்பகுதியும் சேரும் விளிம்பு.

சோப்புத் தண்ணீர்தான் வழி. தக்கைத் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, சுற்றி டேப் ஒட்டி, காற்று மெத்தைக்கு அடிக்கும் கால் பம்பால் மெதுவாக ஊதுங்கள். உட்காரும் குழியின் முன்சுவரில் காலை மாட்டும் பட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக மூச்சுத் துளை ஒன்று இருக்கும். அதை டேப்பால் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி வரை மிதித்தாலும் ஒன்றும் தெரியாது. ஷாம்பு கலந்த தண்ணீரை பெயிண்ட் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வந்தால் கசியும் இடத்தில் நுரை பொங்கும்.

பங்க்சர் கடைக் கம்ப்ரஸரைப் பிடித்து ஊதிவிடாதீர்கள். தளம் விளிம்பிலிருந்து பிரிந்து எழும்பிவிடும். சொல்லாமல் இருக்க முடியவில்லை, நான் செய்திருக்கிறேன்.

தேரிக்காட்டான்:
உட்காரும் குழிக் குழாயைச் சுற்றி நுரை பொங்கியது. சந்தோஷத்தில் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். விளிம்பு, தக்கை, கொண்டி எதிலும் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று இடிக்கிறது. கசிவு பின்னால் என்றால் நுரை ஊறியிருப்பது முன்னால் எப்படி?

சென்னைப் பாய்:
நல்ல கேள்வி. கரையில் நிற்கும் படகுக்கும் ஓடும் படகுக்கும் வித்தியாசம் உண்டு. நீங்கள் சோதித்தது சும்மா நிற்கும் குழியை. மரத்தை நட்டு, இரண்டு பேர் படகைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் மரத்தின் நடுப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நன்றாகத் தள்ளட்டும். நீங்கள் முகத்தைத் தளத்தோடு வைத்துக் குழி ஓரத்தையே பாருங்கள். பிறகு மரத்தை உருவிவிட்டுத் தண்ணீர் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

தேரிக்காட்டான்:
அண்ணாச்சி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை. அக்கா மகன் தள்ளினான், நான் படுத்துக்கொண்டு பார்த்தேன். குழியின் முன் ஓரத்தில் தலைமுடி அளவு கோடு ஒன்று, தள்ளும்போது திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. சும்மா இருந்தால் கண்ணுக்கே தெரியாது. அதன் மேல் யாரோ வெள்ளைப் பட்டி பூசி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மரத்தை உருவித் தண்ணீர் ஊற்றினேன். இருபது நிமிஷத்தில் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது.

"ஒரு சொட்டு ஏறாது" என்றவர் ஞாபகம் வந்தார். அந்தப் பட்டி எட்டு வருஷத்துக்கு முன் பூசியதாகவும் தெரியவில்லை. சரி, போகட்டும்.

கூத்தங்குழி ஃபைபர்:
இப்போது வேலையைப் பேசலாம். மரக் குழிக்குப் பின்னால் தளத்தில் ஒரு முழங்கை தூரத்தில், மரம் இழுக்கும் இழுப்பு படாத இடத்தில், ஆறு அங்குல வட்டம் வெட்டுங்கள். அதற்கென்று திருகு மூடி விற்கிறது, அதைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். கை உள்ளே போய் மரக் குழிக் குழாயின் அடியைத் தொட வேண்டும். வெட்டுவதற்கு முன் அட்டையில் அளந்து பாருங்கள், என் கை போகும் இடத்தில் உங்கள் கை போகாமல் இருக்கலாம்.

பிறகு காயப்போடுங்கள், அவசரப்படாதீர்கள். பகலில் வெயிலில் மல்லாத்தி வையுங்கள், துளையில் மேசை விசிறி. ராத்திரி பனி இறங்காமல் ஓலைக் கொட்டகைக்குள் குப்புற. வாரம் ஒரு முறை கருப்பட்டிக் கடை. இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்காமல் நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் அடிக்கிற மேல்காற்றுக்குக் கருவாடே ஒரு நாளில் காய்கிறது, இது காயாதா?

காய்ந்த பிறகு அறுபதாம் நம்பர் எமரி போட்டு, அசிட்டோனால் துடைத்து, கெட்டியான எபாக்ஸியை மரக் குழிக் குழாயைச் சுற்றி மூலை வளைவாக நிரப்பி, மேலே மூன்று அடுக்கு துணி. எபாக்ஸியே வாங்குங்கள். படகுகளுக்கு நாங்கள் வழக்கமாக அடிக்கும் ரெசின் விலை குறைவு, ஆனால் பழைய ஃபைபர் மேல் பிடிப்பும் குறைவு. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் ஃபைபர் படகு பெருகியபோதுதான் இந்தத் தொழிலையே கற்றுக்கொண்டேன். பாதி வேலை, முந்தினவர் ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்டுவதுதான்.

உட்காரும் குழிக் குழாய்க் கசிவுக்கு அந்த ரெசின் போதும் என்று யாராவது சொன்னால் ஒன்று மட்டும்: அது இறுகுவதற்குச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம்.

வண்ணார்பேட்டை:
ஊறின நுரையை வெட்டி எடுத்துவிட்டுத் தெர்மோகோல் வைக்கலாம் என்று தோன்றும். அந்த ரெசின் பட்டால் தெர்மோகோல் வெந்நீரில் விழுந்த வெல்லம்போலக் கரைந்து ஓடிவிடும். என் படகில் ஒரு சதுர அடி பள்ளம் அப்படி வந்ததுதான்.

பழைய தோணி:
எல்லாம் சரி. ஆனி, ஆடியில் கடலுக்கு மட்டும் போகாதே தம்பி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலையைச் சுற்றுவதற்குத்தான், கற்றுக்குட்டிக்கு இல்லை. நம் கரையில் அது கடலை நோக்கித் தள்ளும். போவது சுலபம், திரும்புவதுதான். இறக்கும் நாளில் ஊர்ப் படகுக்காரர் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. கூடங்குளம் அணுமின் நிலையக் கடல் பக்கம் தலைவைத்தும் படுக்காதே.

தேரிக்காட்டான்:
ஏழு வாரத்துக்குப் பிறகு வருகிறேன். மன்னிக்கவும், படகு காயும்வரை சொல்ல ஒன்றும் இல்லை. 76, 73, 70, 67, 65. கடைசி இரண்டு வாரமும் 64-இல் நிற்கிறது. கடைக்காரர் இப்போது என்னைப் பார்த்ததும் மூட்டையை ஒதுக்கித் தராசில் இடம் விடுகிறார்.

உள்ளே கைவிட்டு எபாக்ஸி போடுவது நினைத்த மாதிரி இல்லை. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும்தான் தெரியும். முதல் துணி என் கையுறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவது தடவை துணியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டினேன், நின்றது. உட்காரும் குழிக் குழாயைக் கழற்றி அதே எபாக்ஸியில் மறுபடி உட்கார வைத்தேன்.

நேற்று மரத்தை நட்டு, அக்கா மகனோடு மாமாவும் சேர்ந்து தள்ளினார்கள். கோடு திறக்கவில்லை. பிறகு தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் பென்சில் கோட்டிலேயே இருந்தது. கோட்டுக்கு மேலே ஒரு எறும்பு மிதந்தது, அவ்வளவுதான்.

புது மூடிக்கு அடியில் என்ன ரப்பர் போடுவது என்று யாராவது சொல்லுங்கள். பாயின் தையல் விட்டிருப்பதற்குத் தனி இழை போடுகிறேன். புதுப் பாய் விலை விசாரித்தேன், படகு விலைக்கு மேலே சொல்கிறார்கள்.

கூத்தங்குழி ஃபைபர்:
மூடியோடு வரும் ரப்பர் வளையம் போதும். அதன் மேல் லேசாக வாசலின் தடவுங்கள், சிலிக்கான் வேண்டாம், அடுத்த தடவை திறக்க வராது. 64 நல்ல எடை.

பழைய தோணி:
மாமாவிடம் சொல்லுங்கள், நான் இருந்தது கொழும்புக்கு வெங்காயம் ஏற்றின தோணி.