முன்பல்லுக்குப் போடுற கேப்: மகுடமா, பல்லுறையா?

அண்ணாச்சி, சிகிச்சைக்கு முன்ன கையெழுத்து வாங்குற சம்மதப் படிவத்துக்குத் தமிழ்ச் சொல் தேடுறோமே, அதுல செராமிக் கிரவுனுக்கு, அதாவது பல்லு மேல போடுற கேப்புக்கு, நீங்க சொன்ன 'பீங்கான் மகுடம்' கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஈறுக்கு வெளிய தெரியுற சொந்தப் பல்லையே மகுடம்னு எழுதுறோம், சீவின பல்லு மேல ஒட்டுறதுக்கும் அதே பேர வச்சா 'மகுடம் உடைஞ்சிருக்கு'ன்னு சீட்டுல எழுதினா எது உடைஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? இங்கிலீஷ்ல ரெண்டையும் கிரவுன்னே சொல்றதால இந்தக் குழப்பம் இருக்கு, அத நாம ஏன் சொமக்கணும்.

மார்த்தாண்டத்துல எங்க கிளினிக்குக்கு வாறவங்க யாரும் கிரவுன்னு கேக்க மாட்டாங்க, "முன்பல்லுக்கு ஒரு கேப் போடணும் டாக்டரே"ன்னுதான் சொல்லுவாங்க. தொப்பி மாதிரி மேல கவுத்துறதுன்னு நெனச்சுக்கிடுதாங்க, உள்ள இருக்க பல்ல சுத்திச் சீவணும்னு பலருக்கும் தெரியாது. செராமிக் கேப்னா சுத்திவர 1 மில்லிமீட்டர், சில எடத்துல ஒன்றரை, கடிக்கிற நுனியில 1.5 லேர்ந்து 2 வரைக்கும் எடுக்கணும், எடுத்த எனாமல் திரும்ப வளராது. அதனாலதான் 'பல்லுறை'ன்னு கேக்கேன். உறைன்னாலே சுத்தி மூடுறது, பல்லு மெலிஞ்சாத்தான் உறை அதுக்கு மேல உக்காரும்னு சொன்னா யாருக்கும் வெளங்கும்.

வினீருக்குத் தனிப்பேர் கண்டிப்பா வேணும். அது முன்பக்கத்த மட்டும் அரை மில்லிமீட்டர் போல சீவி ஒட்டுறது, நிறம் மங்கின நல்ல பல்லுக்குப் பெரும்பாலும் அதுவே போதும், பேர் தெரியாததால கேப்னு கேட்டு வந்து முழுப் பல்லையும் சீவக் கொடுக்கிற பிள்ளைங்கள நெனச்சா மனசு கேக்கல. 'முகவில்லை'ன்னு வைக்கலாமா?

பீங்கான் எல்லாத்துக்கும் பொருந்தாது. உள்ள உலோகம், மேல பீங்கான்னு போடுறது ஒண்ணு, ஈறு இறங்கினா ஓரத்துல கருப்புக் கோடு தெரியுமே, அது 'உலோகப் பீங்கான் உறை'. இன்னொரு வகை கேப் லித்தியம் டைசிலிகேட்ல செய்யுறது, அது கண்ணாடி கலந்தது, வெளிச்சத்த உள்ள விடும், முன்பல்லுக்கு அது எடுப்பா இருக்கும். மூணாவது வகை சிர்க்கோனியா, அது உலோக ஆக்சைடு, நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல பிரிக்கிற சிர்க்கான் இருக்கே, அந்தக் கனிமத்துலேர்ந்துதான் அது வருது. அதப் போய் பீங்கான்னா டீக்கப் மாதிரி ஒடஞ்சிரும்னு ஆளுங்க பயப்படுவாங்க. அதனால பொதுவா 'செராமிக் பல்லுறை'ன்னே போதும், செராமிக்க வலிஞ்சு மாத்த வேண்டாம்.

பல்லோட நிறத்த ஒப்பிட்டுப் பாக்குற ஷேட் கைடுக்கு 'நிறவரிசை'. ஏ1 லேர்ந்து டி4 வரைக்கும் 16 நிறம், பல்லப் போலவே குச்சியில கோத்திருக்கும். சீவுறதுக்கு முன்ன, பல்லு ஈரமா இருக்கும்போதே, லிப்ஸ்டிக்க தொடச்சிட்டு ஜன்னல் பக்கம் வச்சுப் பாக்கணும், காஞ்ச பல்லு வெளுத்துக் காட்டும், அந்த நிறத்த லேபுக்கு எழுதிவிட்டா வர்ற உறை பக்கத்துப் பல்லோட சேராது.

பல்லோட தோற்றத்தச் சரிபண்றதுக்கு 'அழகியல் மீட்டுருவாக்கம்'னு சம்மதப் படிவத்துல வேண்டாம் அண்ணாச்சி, வாசிக்கவே மாட்டாங்க. 'தோற்றச் சீரமைப்பு'ன்னு போட்டு படிவத்த எழுதிக்கிட்டிருக்கேன், முகவில்லைக்கு இதவிட நல்ல சொல் யாருகிட்டயாவது இருந்தா அச்சுக்குப் போறதுக்குள்ள சொல்லுங்க.