தங்கச்சிமடத்து அப்பாவைப் பற்றி: தெரிந்தவர்கள் எழுதுங்கள்

தங்கச்சிமடத்து மகள்

அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்துவிட்டது. உபதேசியார் வராத நாட்களில் கோவிலில் செபமாலை சொல்லிக் கொடுப்பாரே, இடது கையில் இரண்டு விரல் மடங்காது, அவர்தான். ஒன்பது வயதில், 1964 புயலில், தனுஷ்கோடியில் தகப்பனைக் கடலுக்குக் கொடுத்தவர்.

வலை பின்னும்போது முடிச்சுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வார். செபமாலையின் 53 மணிக்கும் சொல்லி முடிந்தால்தான் எழுந்து டீ கேட்பார். அண்ணன் கடலுக்குப் போய் இரண்டு நாள் திரும்பாத வாடைக்காலம் அது. இரண்டாம் ராத்திரி எனக்கு முழிப்பு வந்தது. முற்றத்து பல்பு வெளிச்சத்தில் அப்பா வலை மேல் குனிந்திருந்தார். கிட்டே போனால், புது வலை. முந்தின வாரம் வாங்கியது, இன்னும் கடலில் நனையாதது. பிளேடால் வலையின் ஒரு கண்ணை அறுக்கிறார், முடிச்சுப் போடுகிறார், வாய் முணுமுணுக்கிறது, அடுத்த கண்ணை அறுக்கிறார். நான் நிற்பது அவருக்குத் தெரியும். திரும்பவில்லை. நான் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் பாம்பன் படகு ஒன்று அண்ணனின் படகைக் கட்டி இழுத்து வந்தது. இன்ஜின் நின்று போயிருக்கிறது, வேறொன்றுமில்லை. ஆனால் அன்று ராத்திரி நான் ஏன் அவர் பக்கத்தில் உட்காரவில்லை? முப்பது நாளாக இதுதான் ஓடுகிறது. உங்களிடம் அவரைப் பற்றி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பாம்பன் வடக்குக் கரை

அக்கா, மாமாவோட வத்தையில் (நாட்டுப் படகில்) ஆறு வருடம் போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தொழில் கிடையாது, புயல் அடித்த டிசம்பர் 22-இல் ஒருசந்தி நோன்பு, இதெல்லாம் ஊருக்கே தெரியும்.

ஒரு வாரம் நண்டு அப்படி விழுந்தது. சனிக்கிழமை கரையேறியதும், "நாளைக்கு ஒரு நாள் மட்டும் போவோம் மாமா" என்று கெஞ்சினேன். என் பிள்ளை அப்போது கைக்குழந்தை. பதிலே சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். என் மனைவியிடம் நானூறு ரூபாயைக் கொடுத்து, "பிள்ளைக்குப் பால் வாங்குத்தா. நேர்ச்சை என்னோடது, உங்களோடது இல்ல" என்றார். அவர் வீட்டில் அப்போது சாப்பிட ஐந்து பேர். அந்த மனிதர் யாரிடமும் ஒரு ரூபாய் கைமாற்று வாங்கியதில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைத்தெரு காக்கா

தம்பி, கடைசியாகச் சொன்னது சரியில்லை. வாங்கினார். எங்கள் வாப்பாவின் பலசரக்குக் கடையில், மீன்பிடித் தடைக்காலத்தில் பாதி ஊர் வாங்கும், அவரும் வாங்கினார். கடன் வாங்குவதில் என்ன கேவலம்? வாங்கவே இல்லை என்று எழுதினால் அவர் செய்தது மறைந்து போகும், அதனால்தான் சொல்கிறேன்.

வாப்பா மௌத்தான (இறந்த) மூன்றாம் நாள், அஸர் தொழுதுவிட்டு வந்து நாற்காலிகளை மடக்கிக் கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றார். கைலி மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர். பதினோராயிரத்து நானூறு. கடன் நோட்டைப் புரட்டினேன், அவர் பெயரே இல்லை. ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது. "நோட்டில் இல்லை அண்ணன், வேண்டாம்" என்றேன்.

"அவரு கிழிச்சிருப்பாரு. நான் கிழிக்கலையே" என்றார்.

வாங்கிக்கொண்டேன். வாப்பா மன்னித்த பணத்தை நான் வாங்கியது சரியா என்று இன்றைக்கும் புரியவில்லை.

அண்ணன் மகள், ராமேஸ்வரம்

சித்தப்பாவை எல்லோரும் புகழ்கிறீர்கள், எனக்கும் அவர் உயிர்தான். ஆனால் மூத்த மகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அவள் அழுதபோது, "மாதா பார்த்துக்குவா" என்றார். மாதாவா பரீட்சை எழுதுவாள்? தங்கச்சி இதை எழுதமாட்டாள் என்று தெரியும், அதனால் நான் எழுதுகிறேன். பல வருடம் கழித்து அந்த அக்காவின் மகளைத் தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து விட்டார். மணி அடித்து கேட் சாத்திய பிறகும் அங்கேயே நிற்பார், கையில் செபமாலை. ஒரு நாள் கேட்டேன். "பாதியில திரும்பி வந்திடுவாளோன்னு பயம்மா இருக்கு" என்றார்.

திருப்பாலைக்குடி நர்ஸ்

ஓரியூர் அருளானந்தர் கோவிலுக்கு நடந்து போகும் கூட்டத்தில்தான் அவரைப் பார்த்தேன். எங்கள் தெருவில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார்கள். அவர் வந்த வழியெல்லாம் ரத்தச்சுவடு. உள்ளங்காலில் சிப்பித் துண்டு ஏறியிருந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. பஞ்சோடு குனிந்தால், "எனக்கு ஒண்ணுமில்லம்மா, இவ காலைப் பாரு, கொப்புளம்" என்று மனைவியைக் காட்டினார். சர்க்கரை இருக்கிறதா என்றேன். தலையாட்டினார்.

நேர்ச்சைக்கு நடப்பவர்கள் இதைக் கொஞ்சம் கேளுங்கள். சர்க்கரை பல வருடம் இருந்தால் காலில் நரம்பு மரத்துவிடும், முள் குத்தினாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறாது, விரலை எடுக்க வேண்டிய நிலைக்குக்கூடப் போகும். தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கடற்கரை மணலிலும் வெறுங்காலோடு வேண்டாம். வெந்நீரில் காலை முக்காதீர்கள், சுடுவதே தெரியாமல் வெந்துவிடும். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பாதீர்கள். நடைப்பயணத்துக்கு அளவான ஷூ, வெள்ளைப் பருத்தி சாக்ஸ். வெள்ளை என்றால் ரத்தம் பட்டதும் தெரியும். ஒருசந்தி நாளில் மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது, வழக்கம்போல் போட்டுவிட்டு சாப்பிடாமல் இருப்பதும் கூடாது, முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே வாயில் போட சர்க்கரை வைத்திருங்கள். அருளானந்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாம்பன் வடக்குக் கரை

காக்கா, எனக்குத் தெரியாது. என் முன்னால் வாங்கியதில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். நர்ஸ் அக்கா, அந்த சிப்பிப் புண்ணோடு மறு வாரம் வத்தையைத் தள்ள வந்தார், நான்தான் திட்டி அனுப்பினேன்.

தங்கச்சிமடத்து மகள்

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ராமேஸ்வரத்து அக்கா எழுதியது உண்மை, அதையும் விடாமல் வாசித்தேன். அம்மா தலையாட்டினாள்.

காக்கா, உங்கள் வாப்பா தவறிய வாரம்தான் அம்மாவின் தோடு காணாமல் போனது. கழன்று கடலில் விழுந்துவிட்டது என்றுதான் எங்களிடம் சொன்னாள், நாங்களும் கரையெல்லாம் தேடினோம். இன்று கேட்டேன். "அவரு கேக்கல. முகத்தப் பாத்து நானாத்தான் கழட்டிக் கொடுத்தேன்" என்றாள். பிறகு அந்தப் புது வலையை எடுத்து வரச் சொன்னாள். அப்பா அறுத்து முடிந்த இடம் ஒரு பாய் அகலம் இருக்கிறது. அண்ணன் அதைத் தொழிலுக்கு எடுக்கவே இல்லை. அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டு முடிச்சு முடிச்சாகத் தடவிக் கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.