எல்இடி பல்ப் மாற்றியும் குறை தீரவில்லை: பல்பைச் சொல்வதா, வீட்டைச் சொல்வதா?

அஸ்தம்பட்டி வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டில் முதலில் குண்டு பல்ப் இருந்தது. பிறகு சிஎஃப்எல் வந்தது. இப்போது வீடு முழுவதும் 9 வாட் எல்இடி மாட்டியிருக்கிறோம். கரண்ட் பில் குறையும், பல ஆண்டுகளுக்குப் பல்ப் மாற்றும் வேலையே இருக்காது என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். ஆனால் ஹாலில் கூரையை ஒட்டிய மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் போடும் பல்ப் ஓராண்டு கூடத் தாங்குவதில்லை. அதே கம்பெனியின் பல்ப், அதே நாளில் வாங்கியது, சமையலறையின் திறந்த ஹோல்டரில் இன்றும் நன்றாக எரிகிறது. படுக்கையறையில் சுவிட்சை அணைத்த பிறகும் பல்ப் மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பூஜையறையிலோ, வெள்ளை வெளிச்சம் வந்த பிறகு சாமி படங்களே களையிழந்துவிட்டன, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது என்று மாமியார் தினமும் குறைபடுகிறார். அங்கே ஜீரோ வாட் சிவப்பு பல்ப் ஒன்று மட்டும் அவருடைய விருப்பப்படி இரவும் பகலும் எரிகிறது.

இவ்வளவு செய்தும் மின்கட்டணம் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. இவற்றில் எது பல்பின் குறை, எது வீட்டு வயரிங்கின் குறை என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். கழற்றிய சிஎஃப்எல்கள் பரணில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பதும் தெரியவில்லை.

கொண்டலாம்பட்டி வயர்மேன்:

வணக்கம் அம்மா. நான் வீட்டு வயரிங் வேலையிலேயே காலம் தள்ளியவன். தாங்கள் சொன்னவற்றுள் பெரும்பாலானவை பல்ப் இருக்கும் இடத்தின் குறைகளே தவிர, எல்இடியின் குறைகள் அல்ல.

முதலில் ஹால் பல்ப். குண்டு பல்ப் தன் சூட்டைக் கதிராக வெளியே வீசிவிடும். எல்இடியின் சூடு அப்படிப் போகாது, பின்பக்கமாக அடிப்பாகத்துக்குள் இறங்கும். அந்த அடிப்பாகத்தில்தான் 230 வோல்ட்டை எல்இடிக்கு ஏற்றவாறு மாற்றும் டிரைவர் என்ற சிறு சர்க்யூட் இருக்கிறது; அதில் பெரும்பாலும் ஒரு கெபாசிட்டரும் இருக்கும். சூடு 10 டிகிரி கூடினால் அந்தக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் தளத்தின் அடியில், காற்றே புகாத கண்ணாடிக் குடுவைக்குள் அது எவ்வளவு நாள் பிழைக்கும்? அட்டையில் போட்டிருக்கும் 25,000 மணி நேரம் என்பது ஆய்வுக்கூடத்து வெப்பநிலையில், எல்இடியின் வெளிச்சம் முதலில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறைவதற்கு ஆகும் காலத்தைக் குறிப்பது. டிரைவர் அதுவரை தாங்கும் என்ற பொருள் அதில் இல்லை.

போன பல்பின் மேல் மூடியை நெம்பிப் பாருங்கள். மஞ்சள் நிறச் சிறு சதுரங்களாக எல்இடிகள் வட்டமாக ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் ஏதோ ஒன்றில் மட்டும் கடுகளவு கரும்புள்ளி தெரியும். எல்லாம் சீரியலாக இணைந்திருப்பதால் அந்த ஒன்று போனால் மற்றவை நன்றாக இருந்தாலும் பல்ப் எரியாது. விலை இறங்கிய கதையும் இதில் சேர்ந்துதான் இருக்கிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது, 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் விலை 2016-இல் 38 ரூபாய் வரை வந்தது. ஏழை வீடு வரை எல்இடி போய்ச் சேர்ந்ததற்கு அதுவே காரணம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாள் பல்புகளில் கைக்கு கனமாக இருந்த அலுமினிய அடிப்பாகம், இன்று கடையில் விற்கும் மலிவு பல்புகளில் வெறும் பிளாஸ்டிக்காக மெலிந்துவிட்டதையும் சொல்லத்தான் வேண்டும். ஹாலில் குடுவையைக் கழற்றிவிட்டுத் திறந்த ஹோல்டரில் மாட்டுங்கள். அல்லது பல்பை விட்டுவிட்டு, சூடு பரவ இடமுள்ள 20 வாட் எல்இடி பட்டை விளக்கைச் சுவரில் போடுங்கள்.

படுக்கையறைப் பல்ப் அணைந்த பிறகும் ஒளிர்வதற்குப் பெரும்பாலும் சுவிட்ச், மின்சாரம் வரும் கம்பியான ஃபேஸில் இல்லாமல், அது திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலில் இருப்பதே காரணம். சுவிட்சை அணைத்தாலும் ஃபேஸ் ஹோல்டர் வரை வந்து நிற்கும். சுவருக்குள் கசியும் மிகச் சிறிய மின்னோட்டமே எல்இடியை மங்கலாக ஒளிரவைக்கப் போதும். குண்டு பல்புக்கு அது போதாது என்பதால் இத்தனை ஆண்டுகளாக இந்தத் தவறு வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் பல்ப் மாற்றுபவரின் விரல் ஹோல்டர் முள்ளில் பட்டால் ஷாக் அடிக்கும். வயர்மேனை அழைத்து, மெயினை அணைத்து, சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். சுவிட்சிலேயே சிறிய சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் இதே போல் மங்கலாக ஒளிரும். அப்படியானால் ஆபத்து இல்லை, இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் நின்றுவிடும்.

கரண்ட் பில் விஷயத்தில் கடைக்காரர் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். 60 வாட் குண்டு பல்ப் தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். 9 வாட் எல்இடிக்கு 3 யூனிட் கூட ஆகாது. ஆனால் தாங்கள் மாறியது சிஎஃப்எல்லில் இருந்து. 14 வாட் சிஎஃப்எல்லுக்கு இதே கணக்கில் 4.2 யூனிட்தான், ஆக ஒரு பல்புக்கு மிச்சம் ஒன்றரை யூனிட். பெரிய சேமிப்பு குண்டு பல்பைக் கழற்றிய அன்றே வந்துவிட்டது. அதே வேளையில், ஜீரோ வாட் என்று பெயர் பெற்ற அந்தப் பழைய சிவப்பு பல்ப் 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். இரவும் பகலும் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 20 யூனிட் அதற்கே போகும்! அரை வாட் எல்இடியில் அதே சிவப்பு கிடைக்கிறது. மாமியாருக்கும் மனக்குறை இருக்காது.

இன்னும் குறைக்க வேண்டுமென்றால் பல்பை விட்டுவிட்டு ஃபேனைப் பாருங்கள். 75 வாட் பழைய ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட் எடுக்கும். பிஎல்டிசி என்ற, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள 30 வாட் ஃபேன் 27 யூனிட்டில் முடித்துவிடும். நமக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதத்தில் கணக்கிடுவார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டில் இருபது முப்பது யூனிட் குறைவதும் பில்லில் நன்றாகத் தெரியும்.

ஏற்காடு எஸ்டேட்வாசி:

அண்ணன் சொன்னதை மலையில் இருப்பவன் என்ற முறையில் வழிமொழிகிறேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்களுக்குச் சூடு ஒரு பிரச்சினையே இல்லை. கீழே மாதக் கணக்கில் போகும் பல்ப் இங்கே ஆண்டுக் கணக்கில் எரிகிறது. சிஎஃப்எல் காலத்தில் நிலைமை நேர் எதிராக இருந்தது. மார்கழிக் குளிரில் சுவிட்சைப் போட்டால் அதற்குள் இருக்கும் பாதரசம் ஆவியாகி முழு வெளிச்சம் வருவதற்குள், இருட்டில் தேடிய பொருளே கைக்குக் கிடைத்துவிடும்.

எங்கள் தொல்லை மின்சப்ளையில் இருக்கிறது. மாலையில் வோல்டேஜ் தொய்ந்தால் குண்டு பல்ப் சிவந்து மங்கிவிடும். 100 முதல் 300 வோல்ட் வரை என்று அட்டையில் போட்டிருக்கும் எல்இடி அதே வெளிச்சத்துடன் எரியும். இந்த ஒரு நன்மைக்காகவே எவ்வளவு விலையும் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் கோடை மழையில் இடி இடித்துக் கரண்ட் போய் மீண்டும் வரும் கணத்தில் பாயும் மின்எழுச்சியை (சர்ஜ்) மலிவான டிரைவர் தாங்குவதில்லை. பல்ப் வாங்கும்போது 4 கிலோவோல்ட் சர்ஜ் பாதுகாப்பு உள்ளதா என்று அட்டையில் பார்ப்பதும், எர்த்திங்கை ஒழுங்காக வைத்திருப்பதும், மெயின் போர்டில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி பொருத்துவதும் மலைப்பகுதி வீடுகளுக்கு அவசியம்.

பூச்சித் தொல்லை உள்ளவர்கள் வாசல் விளக்கை 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளையிலிருந்து 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சளுக்கு மாற்றிப் பாருங்கள். நீல ஒளியும் புற ஊதாக் கதிரும் குறைந்த வெளிச்சத்துக்கு விட்டில்களும் மழைக்காலத்து ஈசல்களும் குறைவாகவே வரும்.

ஆனால் குண்டு பல்பை முற்றிலும் ஒதுக்க எனக்கு மனமில்லை. கோழிக்குஞ்சுக் கூண்டில் கதகதப்புக்கு அதைத்தான் தொங்கவிடுகிறோம். பனிமூட்டம் நாள் கணக்கில் நிற்கும் மாதங்களில் துணி அலமாரிக்குள் 15 வாட் குண்டு பல்ப் ஒன்று எரிந்தால் பட்டுப்புடவையில் பூஞ்சணம் பிடிக்காது என்பது இங்கே பழைய பழக்கம். துணி பல்பில் படாதபடி கம்பிக்கூடு போட வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். எல்இடி இந்த வேலைக்கு உதவாது.

இளம்பிள்ளை ஜவுளிக்காரர்:

வாட், யூனிட் எல்லாம் சரி; நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! சேலைக் கடையில் நிற்பவனுக்கு அதுதான் முதல் கவலை. அரக்குச் சேலையை மலிவான வெள்ளை எல்இடியின் கீழ் விரித்தால் செம்மண் நிறமாகத் தெரியும். வாங்குபவர் அதைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வேறு சேலையைக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்பார். குண்டு பல்பின் ஒளியில் எல்லா நிறங்களும் தொடர்ச்சியாக இருந்தன; வெள்ளை எல்இடியோ நீல எல்இடியின் மேல் மஞ்சள் பூச்சு பூசிச் செய்யப்படுவது, ஆகையால் அடர்சிவப்பு அதில் குறைந்துவிடுகிறது. நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைக் குறிக்கும் சிஆர்ஐ என்ற அளவை அட்டையில் பாருங்கள். 80 என்பது வீட்டுக்குப் போதும். துணி, சமையல், ஒப்பனை ஆகியவற்றுக்கு 90-க்கு மேல் கிடைத்தால் விலை கூடினாலும் வாங்கலாம். பூஜையறையில் குங்குமம் மங்கித் தெரிவதற்கும் இதுவே காரணம் என்பது என் கணிப்பு. தங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அம்மா. 2700 கெல்வினில், 90 சிஆர்ஐ உள்ள பல்பை அங்கே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: விசைத்தறி ஓடும் கொட்டகையில் டிரைவர் சரியில்லாத எல்இடி போடவே கூடாது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்கு நேராகத் தெரியாது, ஆனால் சுழலும் சக்கரம் நின்றிருப்பது போலத் தோன்றக்கூடும், கை வைத்தால் போயிற்று. செல்போன் கேமராவைப் பல்பின் அருகே பிடித்துத் திரையில் கரும்பட்டைகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் அந்தப் பல்பைப் படிக்கும் மேசைக்கும் வைக்காதீர்கள்; தலைவலி வருவதாகப் பலர் சொல்கிறார்கள்.

சூரமங்கலம் ஆசிரியை:

சிஎஃப்எல் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடையாதவரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. பழைய டியூப்லைட்டிலும் பாதரசம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே இவை வீட்டு அபாயக் கழிவாகத் தனியே பிரிக்கப்பட வேண்டியவை என்று சொல்லப்பட்டிருந்தது. எனவே குப்பை வண்டியில் மற்றவற்றுடன் கலந்து கொட்டாதீர்கள், காயலான் கடைக்கும் போடாதீர்கள். பரணிலிருந்து கவனமாக இறக்கி, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்து, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

இறக்கும்போது ஒன்று உடைந்தால் ஃபேனை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, பிள்ளைகளுடன் 15 நிமிடம் அறையை விட்டு வெளியேறுங்கள். பிறகு துடைப்பம் கொண்டு பெருக்காமல், கெட்டியான அட்டையால் துண்டுகளை அள்ளி, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடிவிடுங்கள். வாக்குவம் கிளீனர் போட்டால் பாதரச ஆவி வீடு முழுவதும் பரவும்.

அஸ்தம்பட்டி வாசகி:

அனைவருக்கும் நன்றி. வயர்மேன் ஐயா சொன்னபடி ஆளை வரவழைத்துப் பார்த்தோம். படுக்கையறை சுவிட்ச் நியூட்ரலில்தான் இருந்தது, மாற்றியாகிவிட்டது. ஹால் குடுவையையும் கழற்றிவிட்டோம். பூஜையறைக்கு மஞ்சள் பல்ப் வாங்க முடிவு செய்திருக்கிறோம். அங்கே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் ஒன்று இருக்கிறது. அதில் இந்தப் பல்பை மாட்டலாமா?

கொண்டலாம்பட்டி வயர்மேன்:

டிம்மருக்கு ஏற்றது என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தால் மட்டும் மாட்டுங்கள், அம்மா. சாதாரண எல்இடியை அதில் மாட்டினால் மினுக்கும், ரீங்காரம் இடும், விரைவில் போய்விடும். தங்கள் பழைய டிம்மர் குண்டு பல்பின் 40, 60 வாட் சுமைக்காகச் செய்யப்பட்டது. 5 வாட் எல்இடி அதற்குச் சுமையாகவே படாமல் சரியாக வேலை செய்யாமலும் போகலாம். டிம்மரை எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்ச் ஒன்றைப் போட்டு, 5 வாட்டில் ஒன்றும் அரை வாட்டில் ஒன்றும் தனித்தனியாக வைத்துக்கொள்வது செலவும் குறைவு, தொந்தரவும் குறைவு.