பாஸ்போர்ட் மையம்: 9.45 அப்பாயிண்ட்மென்ட், உள்ளே போனது 12 மணிக்கு. என்ன செய்யலாம்?

தெற்குவாசல்:
அம்மாவுக்கு 64 வயது, முதல் பாஸ்போர்ட். தங்கைக்கு மஸ்கட்டில் பிரசவம், துணைக்குப் போக வேண்டும். ஆன்லைனில் பணம் கட்டி 9.45க்கு நேரம் வாங்கியிருந்தோம். எந்த ஊர், எந்த மையம் என்று சொல்லவில்லை, அது முக்கியமும் இல்லை.

8.40க்கே போய்விட்டோம். வாசலில் எழுபது எண்பது பேர், ஒரே வரிசை. எனக்கு முன்னால் நின்றவருக்கு 11.15 நேரம், ஆனால் ஏழரைக்கே வந்துவிட்டாராம். செக்யூரிட்டி நேரம் பார்ப்பதில்லை, முன்னால் யார் நிற்கிறாரோ அவரை விடுகிறார். நிழல் கிடையாது. அம்மா யாரோ நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் சீட்டில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகும்போது மணி 12. ஏ கவுண்டரில் ஐந்தே நிமிடம். படிவத்தில் என் வீட்டு முகவரி, ஆதாரில் ஊர் முகவரி, ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த முறை இப்படி நிற்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா? அப்புறம், இந்த வாசல் கூத்தை யாரிடம் சொன்னால் மாறும்?

டோக்கன்47:
முகவரி விஷயத்தில் தப்பு உங்கள் பக்கம், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போதைய முகவரி என்று எதைப் போடுகிறோமோ அதற்குத்தான் சான்று கேட்பார்கள், போலீஸ் விசாரணையும் அங்கேதான் வரும். அம்மா பெயரில் உங்கள் முகவரிக்குச் சான்று இல்லையென்றால், குடும்பத் தலைவர் ஒப்புதலோடு ஆதார் முகவரியை மாற்றும் வசதி 2023இலிருந்து இருக்கிறது. 18 வயது தாண்டிய நீங்களே குடும்பத் தலைவராக இருக்கலாம். உறவைக் காட்ட ரேஷன் கார்டு போதும். நீங்கள் 30 நாளுக்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும், மறந்தால் கோரிக்கை காலாவதியாகிவிடும்.

கட்டின பணம் வீணாகாது. ஓராண்டுக்குள் மூன்று முறை வரை நேரம் வாங்கலாம். மறுபடி நேரம் எடுக்கும்போது அதே மண்டல அலுவலகத்துக்குக் கீழ் உள்ள மற்ற மையங்களையும் பாருங்கள். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று நான்கு மண்டலம். பக்கத்து ஊர் மையம் சில நாள் காற்றாடும்.

கடுங்காப்பி:
மூத்த குடிமகள் என்று வாசலில் சொன்னீர்களா?

தெற்குவாசல்:
சொல்லவில்லை. தனி வரிசை என்று எதையும் காணோம், அதனால் கேட்கத் தோன்றவில்லை. 60 தாண்டியவர்களுக்குப் புதிய பாஸ்போர்ட் கட்டணத்தில் 10 சதவீதம் சலுகை என்பதால் 1,500க்குப் பதில் 1,350தான் கட்டினேன். அந்தச் சலுகை வாசலிலும் இருக்கும் என்று நினைத்தது என் அப்பாவித்தனம்.

பழைய_ஏ_கவுண்டர்:
வேறொரு ஊரில் இரண்டு வருடம் ஏ கவுண்டரில் இருந்தேன், ஒப்பந்த ஊழியராக. வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஏ கவுண்டரில் நாங்கள் புகைப்படம் எடுப்போம், கைரேகை வாங்குவோம், ஆவணங்களை ஸ்கேன் செய்வோம். பி-யில் அரசு அலுவலர் ஆவணம் சரிபார்ப்பார், சி-யில் பாஸ்போர்ட் வழங்கலாமா என்று முடிவெடுப்பார்கள். ஏ-யில் நேரத்தைத் தின்பது இரண்டு. ஒன்று, இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். "எம். செல்வி" என்று எல்லாச் சான்றிலும் வைத்துக்கொண்டு வந்து, எம் என்றால் அப்பாவா கணவரா என்று கவுண்டரில் நின்று யோசிப்பார்கள். இன்னொன்று, பெரியவர்களின் ரேகை. பாத்திரம் தேய்த்து, களை பறித்துத் தேய்ந்துபோன விரல், கருவி எடுக்காது. ஈரத்துணியில் துடைத்து, நெற்றியில் ஒருமுறை தேய்த்துவிட்டு வைக்கச் சொல்வோம். நெற்றியில் இருக்கிற எண்ணெய்ப் பசைக்கு ரேகை பிடித்துக்கொள்ளும். உங்கள் அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.

ஆனால் நீங்கள் நின்றது இந்த வரிசையில் இல்லை. 15 நிமிடம் முன்னால் வந்தால் போதும் என்றுதான் சொல்கிறார்கள். யாரும் நம்புவதில்லை, இரண்டு மணி நேரம் முன்னால் வருகிறார்கள். வந்த வரிசைப்படி விட்டால், சீக்கிரம் வந்தவர் ஜெயிக்கிறார். அதைப் பார்த்தவர் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வருகிறார். எங்கள் மையத்தில் ஒரு வாரம் அட்டைப்பெட்டியைக் கிழித்து 9.30, 9.45, 10.00 என்று மார்க்கரில் எழுதி வாசல் கிரில்லில் தொங்கவிட்டோம். அந்தந்த நேரத்துக்காரர் மட்டும் வரிசையில், மற்றவர் மரத்தடியில். நாலாவது நாள் ஏழரை மணிக் கூட்டம் காணாமல் போனது. அப்புறம் செக்யூரிட்டி மாறினார், அட்டையும் போனது.

கடுங்காப்பி:
ஆள் பற்றாக்குறையை மறைக்க அட்டையா? நாலு கவுண்டர் இருக்கிற இடத்தில் இரண்டில்தான் ஆள் உட்கார்ந்திருக்கிறார். அதைக் கேளுங்கள் முதலில்.

பழைய_ஏ_கவுண்டர்:
அதுவும் உண்மை, மறுக்கவில்லை. ஆள் குறைந்தால் உள்ளே, நாற்காலியில், ஃபேனுக்கு அடியில் காத்திருப்பீர்கள். வெயிலில் நிற்க வைப்பது ஒழுங்கின்மை. ஆள் போட டெல்லி கையெழுத்து வேண்டும். அட்டைக்கு ஒரு மார்க்கர் போதும்.

வைகைக்கரை:
மனுவை இரண்டாகப் பிரியுங்கள். அட்டை விஷயத்தை மண்டல பாஸ்போர்ட் அதிகாரிக்கு ஒரே பக்கத்தில் எழுதுங்கள், மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர் தளத்திலும் பதியுங்கள். கவுண்டர் விஷயத்துக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள்: குறிப்பிட்ட மாதத்தில் ஒவ்வொரு நேரத்துக்கும் எத்தனை பேருக்கு அனுமதி கொடுத்தீர்கள், தினமும் எத்தனை கவுண்டர் இயங்கியது. கருத்துக் கேட்காதீர்கள், எண்ணிக்கை கேளுங்கள். இது மத்திய அரசு அலுவலகம், நம்மூர் பழக்கத்தில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பாதீர்கள். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், இல்லையென்றால் ஆன்லைனில் கட்டிவிடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொன்று, வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர் ரசீதை பிரிண்ட் எடுத்தே ஆக வேண்டும் என்பார். அப்பாயிண்ட்மென்ட் எஸ்.எம்.எஸ். காட்டினால் போதும்.

தெற்குவாசல்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆதார் முகவரி மாறியது. அதே மையம்தான், காலை 10 மணிக்கு நேரம் கிடைத்தது.

மனுவுக்கு "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரு வரி வந்தது. அட்டை கிட்டை ஒன்றும் இல்லை. இந்த முறை 9.40க்குத்தான் போனோம். நேராக செக்யூரிட்டியிடம் போய், "அண்ணே, பத்து மணிக்காரங்களை மட்டும் ஒரு குரல் கூப்பிட முடியுமா, அம்மாவுக்கு 64 வயசு" என்றேன். ஒரு நிமிடம் முறைத்தார். அப்புறம் கூப்பிட்டார். ஒன்பது பேர் வெளியே வந்தோம். வரிசையில் சிலர் முணுமுணுத்தார்கள், அவர்கள் நேரம் பதினொன்றரை. அதற்கடுத்து 10.15ஐயும் அவரே கூப்பிட்டார், நான் கேட்கவில்லை.

வலது கட்டைவிரல் மட்டும் மூன்று தடவை எடுக்கவில்லை. அம்மா கவுண்டர் பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விரலை நெற்றியில் தேய்த்தார், திருநீறும் சேர்ந்து ஒட்டியது. துடைத்துவிட்டு வைத்ததும் எடுத்துவிட்டது. 11.20க்கு வெளியே வந்துவிட்டோம்.

நேற்று போலீஸ் விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஆர்.டி.ஐ. போட்டு 18 நாள் ஆகிறது, பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

கடுங்காப்பி:
கவுண்டர் எண்ணிக்கை வந்தால் என்னை டேக் செய்யுங்கள்.